மூக்கிரட்டைப் பொடியில் பெருங்காய வாசனை

என் ஆராய்ச்சிக்கு வேண்டிய செடியைப் பிடுங்கப் போன முதல் நாளே என்னை நூறு நாள் வேலைக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். திருப்பருத்திக்குன்றத்தில், சமணர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு காலி மனை. அதில் மூக்கிரட்டை தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. நான் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வேர் அறுந்துவிடாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். அந்த வழியாக மண்வெட்டிகளோடு வந்த பெண்கள் கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் மட்டும் நின்றாள்.

“இன்னாமா, எந்த ஊரு நீ? கார்டு எங்க? லிஸ்டுல பேரு இல்லாம வேல செஞ்சிக்கினு இருக்கற?”

“வேலைக்கு வரலைங்க. காலேஜ்ல ஆராய்ச்சி பண்றேன். இந்தச் செடி கிட்னியக் காப்பாத்துமான்னு பாக்கணும்.”

அந்த அம்மாள் செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தோ, அந்த மூலையில கூட நெறைய இருக்குது. அதயும் புடுங்கிக்கினு போ. எங்களுக்கு வேல மிச்சம்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நான் பிறந்தது கூரத்தில், விவசாயக் குடும்பத்தில். முதலில் அப்பாவிடம்தான் போய்க் கேட்டிருந்தேன். எங்கள் வரப்பு முழுக்க மூக்கிரட்டைதான். அப்பா சிரித்தார். “களைக்கு மருந்து அடிச்சே நான் ஓஞ்சி போயிட்டேன். நீ இன்னான்னா மருந்துக்குக் களை கேக்கற” என்றார். அந்த ‘மருந்து’ தெளித்த வரப்பில் பறித்த செடி எனக்கு ஆகாது. நஞ்சிலிருந்து சிறுநீரகத்தைக் காக்குமா என்று பார்க்க வேண்டிய செடியிலேயே நஞ்சு இருந்தால் எதை எதில் கண்டுபிடிப்பது? அதனால்தான் காலி மனைகளைத் தேடி அலைந்தேன்.

செய்ய வேண்டிய வேலையைச் சொன்னால் எளிமையாகத்தான் இருக்கும். சில ரசாயனங்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்படி ஒன்றைச் சில எலிகளுக்குக் கொடுக்க வேண்டும். வேறு சில எலிகளுக்கு அதே ரசாயனத்தோடு செடியின் சாற்றையும் கொடுக்க வேண்டும். சாறு குடித்த எலிகளின் சிறுநீரகம் மற்றவற்றைவிடக் குறைவாகக் கெட்டிருந்தால் செடியில் ஏதோ இருக்கிறது என்று பொருள். சாறு என்றால் அரைத்துப் பிழிவது இல்லை. செடியை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டி, அந்த ஆல்கஹாலை ஆவியாக்கிவிட்டால் அடியில் கரும்பச்சையாகக் கோந்துபோல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சாறு. ஒரு டப்பா பொடிக்கு ஒரு கரண்டி தேறினால் அன்றைக்கு நல்ல நாள்.

நான் கல்யாணமாகி வந்த வீடு பிள்ளையார்பாளையத்தில். என் மாமனார் நாற்பது வருடம் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். முதலாளி ஒரு பழைய புடவையின் நுனியைக் காட்டி “இதே கலர் வேணும்” என்றால், புத்தகம் பார்க்காமல், கம்ப்யூட்டர் பார்க்காமல், கொதிக்கும் தொட்டியில் இதில் ஒரு சிட்டிகை அதில் ஒரு சிட்டிகை போட்டு அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார். ஓய்வு பெற்றும் அவருடைய நகக்கண்களில் அரக்கு நிறம் போகவில்லை.

எலிகளுக்குக் கொடுக்கும் ரசாயனத்தின் படத்தை ஒருநாள் கைபேசியில் அவருக்குக் காட்டினேன். ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் குரோமிய உப்பு. எப்போதும் ஏதாவது கிண்டல் செய்பவர் அன்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இதயாமா எலிக்குக் குடுக்கற? இத நாங்க வெறுங்கையில அள்ளிப் போட்டிருக்கோம். சாயம் நிக்கணும்னு.”

அவரோடு ஒரே தொட்டியில் வேலை செய்த நண்பர் ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். சாயத்தால் வந்ததா, பல வருடச் சர்க்கரையால் வந்ததா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் மாமனார் தன்னளவில் முடிவு செய்துவிட்டார். நான் படிப்பது எலிகளுக்காக இல்லை, அந்த நண்பருக்காக என்று.

மறுநாளே டீக்கடையில் அறிவித்துவிட்டார். “எம்மருமக கிட்னிக்கு மருந்து கண்டுபுடிச்சிட்டா.”

அப்போது நான் செடியைக் காயப்போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தெருவில் காய்கறி வாங்கப் போனால் ஆட்கள் நிறுத்திக் கேட்டார்கள். கல் இருப்பவர்கள், கால் வீக்கம் இருப்பவர்கள், எதுவும் இல்லாமல் முன்ஜாக்கிரதையாகக் கேட்பவர்கள். “எலிக்கே இன்னும் குடுக்கலைங்க” என்று எல்லாரிடமும் சொன்னேன். “எலிக்கு எதுக்குமா வேஸ்ட் பண்ற, எங்களுக்குக் குடு” என்றார் இட்லிக்கடைக்காரம்மா.

கல்லூரியில் எங்கள் துறையின் அலமாரி மழைக்கு ஒழுகும் என்பதால் பொடியை வீட்டிலேயே வைத்திருந்தேன். மாடியறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. மேலே பெயர், தேதி, எடை எல்லாம் எழுதி ஒட்டிய காகிதம். தேவைப்படும்போது கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவேன். ஒவ்வொரு தடவையும் மிச்சத்தை எடை போட்டு எழுதி வைப்பேன். ஒரு கிராம்கூட முன்னே பின்னே இருந்ததில்லை. என் ஒழுங்கைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் தடவை எடுத்த சாற்றில் ஆரம்பச் சோதனைகளை முடித்தேன். இரண்டாவது தடவை எடுத்ததை எலிகளுக்குக் கொடுத்தேன். முடிவு வந்தபோது என் வழிகாட்டிப் பேராசிரியை இருக்கையை விட்டு எழுந்து நின்றுவிட்டார். சாறு குடித்த எலிகளின் ரத்தச் சோதனை அவ்வளவு நன்றாக இருந்தது. “சூப்பர்மா. இன்னொரு பேட்ச் எக்ஸ்ட்ராக்ட் எடு. இதே மாதிரி வந்தா பேப்பர் எழுதிடலாம்” என்றார். அன்று வீட்டுக்கு மைசூர்பாக் வாங்கிக்கொண்டு போனேன். மாமனார் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, “எலிங்களுக்கு நல்லாயிடுச்சா?” என்று மூன்று தடவை கேட்டார்.

மூன்றாவது தடவைதான் எல்லாம் வெளியே வந்தது. வடிகட்டிய திரவத்தைச் சூடேற்றி ஆல்கஹாலை ஆவியாக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், பக்கத்து மேசையில் குடுவை கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் அம்மா நிமிர்ந்து மோந்து பார்த்தார்.

“இன்னாமா, ரசம் கொதிக்கிற வாசன வருது?”

நான் முகக்கவசம் போட்டிருந்தேன். கழற்றினேன். பெருங்காயம். சந்தேகமே இல்லை. பெருங்காயமும் சீரகமும், பின்னால் மெல்லிசாகப் பூண்டும். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியை உள்ளே வந்தார்.

“லேப்ல உக்காந்து லஞ்ச் சாப்பிடக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? யாரு டிபன் பாக்ஸத் திறந்தது?”

என் குடுவை மட்டும் மணத்துக்கொண்டே இருந்தது. பேராசிரியை அதன் அருகில் போய்க் குனிந்து முகர்ந்தார். “மூக்கிரட்டைக்கு இப்படி ஒரு வாசனை உண்டா?” என்றார் யோசனையோடு. எனக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். வாரத்துக்கு நான்கு நாள் சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டு அதைத்தான் பிசைந்து சாப்பிடுகிறேன். என் மாமியாரின் முருங்கைக்கீரைப் பொடி.

“டப்பா மாறிப்போச்சு போல மேடம்” என்று சமாளித்தேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிர்பெட்டியில் இரண்டாவது தடவைச் சாற்றில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தது. வெள்ளைத் தகட்டில் அதையும் முதல் தடவைச் சாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் பொட்டு வைத்துக் கரைப்பானில் நிறுத்தினேன். சாற்றில் உள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்துக்கு ஏறி நிற்கும். ஒரே சாறாக இருந்தால் இரண்டு வரிசையும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்றுபோல் இல்லை. கிட்டக்கூட இல்லை. என் எலிகள் குடித்தது பாதிக்கு மேல் வேறு எதையோ.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் முன்னால் போய் நின்றேன். அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, டப்பாவுலேருந்து பொடி எடுத்தீங்களா?”

அவர் தாளை மடித்தார். “எட கொறஞ்சிதா?”

“இல்ல.”

“கொறையாதே” என்றார். “எடுத்த அளவு கரெக்டா திருப்பிப் போட்டுட்டேன்மா. சாயப் பவுடர் நிறுத்த தராசு இன்னும் எங்கிட்ட இருக்குது.”

“எதப் போட்டீங்க?”

“முருங்க எலப் பொடி. அத்தையோடது. மொதல்ல போட்டப்ப கலரு கொஞ்சம் பச்சை தூக்கலா தெரிஞ்சிச்சு. அதுல துளி டீத்தூளு, ஒரு சிட்டிக மஞ்சா சேத்தேன். அப்பால அச்சு அசலா ஒன்னோடது மாதிரியே வந்துடுச்சு.” குரலில் பயமே இல்லை. மாறாக ஒரு எதிர்பார்ப்பு. “கலர்ல ஏதாவது வித்யாசம் தெரிஞ்சிச்சா?”

நாற்பது வருடம் நிறம் சேர்த்தவர் கேட்கிறார். பொய் சொல்ல முடியவில்லை. “கலர்ல தெரியல மாமா. வாசனையில தெரிஞ்சிச்சு.”

“ஆங், அது” என்று தலையைச் சொறிந்தார். “வெறும் எலப் பொடி தீந்து போச்சு. கடைசியில சோத்துல போட்டுக்கற பொடியத்தான் போட்டேன்.”

சமையலறையிலிருந்து மாமியார் கரண்டியோடு வந்தார். “ஐயோ, அதானா? எம்பொடி மாசா மாசம் காலியாவுதே, எலி திங்குதுன்னு நான் பொறி வச்சிக்கினு இருக்கறேன்!”

“எலிதான் அத்தை தின்னுச்சு” என்றேன்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான கேள்வியைக் கேட்டேன். எடுத்த மூக்கிரட்டைப் பொடியை என்ன செய்தார்? தினமும் காலையில் கசாயம் வைத்து, தானும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, பிளாஸ்கில் ஊற்றி நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நான்கு மாதமாக. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு. அவர் குடிக்கிற தண்ணீருக்கே கணக்கு உண்டு. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. கெட்டுப்போன சிறுநீரகத்துக்குப் பொட்டாசியத்தை வெளியேற்றத் தெரியாது; அது ஏறினால் இதயம் நின்றுவிடலாம். இதில் கீரைக் கசாயம்!

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினேன். மாமனார் பின்னாலேயே வந்தார். நண்பர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது. முகம் தெளிவாக இருந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்: “பெரியப்பா, மாமா குடுக்கற கசாயத்த இனிமே குடிக்காதீங்க. இதுவரைக்கும் குடிச்சது ஏதாவது பண்ணுச்சா? படபடப்பு இருக்குதா?”

அவர் என் மாமனாரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார். “நா எங்கமா குடிச்சேன்? டாக்டரு ஒரு நாளைக்கு இத்தினி தண்ணின்னு அளந்து குடுத்திருக்காரு. அத்த இதுக்குப் போயா செலவு பண்ணுவேன்? எனக்கு அதுல டீ வேணும்.”

“அப்ப நாலு மாசமா?”

“தோ, அது குடிச்சிக்கினு இருக்குது” என்று வீட்டின் பக்கவாட்டைக் காட்டினார். சுவர் ஓரமாக ஒரு வாழை மரம்.

மாமனார் நண்பர் பக்கம் திரும்பினார். “அடப்பாவி! தெனம் கேட்டனேடா, எப்டி இருக்குதுன்னு? நல்லா இருக்குது, தெம்பா இருக்குதுன்னு சொன்னியேடா!”

“தெம்பாதான் இருக்குது. போய்ப் பாரு, தாரு போட்டிருக்குது.”

மாமனார் உண்மையாகவே போய்ப் பார்த்தார். வாழையைச் சுற்றி ஒரு வலம் வந்தார். திரும்பி வந்தபோது முகத்தில் கோபம் இருந்தது. நண்பர் சிரிக்க ஆரம்பித்ததும் அதைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மாமனார் டீ வாங்கிவரத் தெருமுனைக்குப் போனபோது நண்பர் என்னிடம் சொன்னார்: “வேணாம்னு மொதல் நாளே சொல்லியிருப்பேன்மா. அவன் தெனம் காலைல வர்றான்ல. ஒடம்பு கெட்டதுலேருந்து மத்தவங்க வர்றது கொறஞ்சி போச்சு. கசாயம் வேணாம்னா இவனும் எதச் சாக்கு வச்சி வருவான்?”

டீ வந்தது. அவர் பாதி டம்ளர் மட்டும் குடித்தார்.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போகும்போது பஸ்ஸில் ஒரு கெட்ட எண்ணம் கூடவே வந்தது. இரண்டாவது தடவைச் சாறு கலப்படம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முடிவோ அற்புதமாக இருக்கிறது. தகட்டைக் கழுவிப் போட்டுவிட்டால் முடிந்தது கதை. ஓரிக்கை நிறுத்தம் தாண்டும்வரை அதையே யோசித்தேன். ஆனால் யாராவது ஒருநாள் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, மூக்கிரட்டையைக் கசாயம் வைத்து, பிளாஸ்கில் ஊற்றி, யாருடைய வீட்டுக்காவது எடுத்துக்கொண்டு போவார். எல்லார் வீட்டிலும் வாழை மரம் இருக்காது.

பேராசிரியையிடம் முழுதாகச் சொன்னேன். முருங்கை, டீத்தூள், மஞ்சள் என்று நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்த டேட்டா அத்தனையும் தூக்கிப் போடு. ஃபர்ஸ்ட்லேருந்து ஆரம்பி. பொடி இனிமே என் ரூம்ல, என் பீரோவுல, சாவி என் பேக்ல” என்றார். அப்படியாக என் படிப்பு ஒரு வருடம் நீண்டது.

மாமனாரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் எண் சரியான அளவைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. டாக்டர் அம்மா கேட்டார்: “வலி மாத்திரை, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“நாட்டு மருந்து இல்லீங்க. ஆராய்ச்சி மருந்து” என்றார் மாமனார் பெருமையாக. “எம்மருமகளோடது.”

டாக்டர் அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வையை இந்தப் பிறவியில் மறக்க மாட்டேன். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கசாயத்தை அடியோடு நிறுத்தச் சொன்னார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதினார். முட்டிவலிக்கு மாமனார் கடையில் தானாகவே வாங்கி விழுங்கும் மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்னார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது எண் அந்த அளவுக்குள் வந்திருந்தது. கசாயத்தை விட்டதாலா, மாத்திரையை விட்டதாலா என்று மாமனார் கேட்டார். இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டதால் சொல்ல முடியாது என்றேன். “அப்ப ஒண்ணொண்ணா வுட்டிருக்கணும்” என்றார். அந்த வருடத்தில் என் ஆராய்ச்சியைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகப் பேசவில்லை.

இரண்டாவது சுற்றுக்குச் செடி பறிக்க அவரே கூட வந்தார். பொடி மேல் கை வைக்கவில்லை. இந்தத் தடவை முடிவு அற்புதமாக இல்லை. வெறும் ரசாயனம் குடித்த எலிகளைவிடச் சாறும் குடித்த எலிகளின் சிறுநீரகம் ஓரளவு தப்பித்திருந்தது. ஓரளவுதான். பேராசிரியை எழுந்து நிற்கவில்லை, உட்கார்ந்தபடியே “ஓகே, இது உண்மை” என்றார்.

வாய்மொழித் தேர்வு யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்கிற மாதிரி நடந்தது. மாமனார் வெளுத்த வேட்டி சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நண்பர். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தன் கேள்விகளை முடித்துவிட்டு, “ஆடியன்ஸ் யாராவது கேக்கலாம்” என்றார். வழக்கமாக யாரும் கேட்க மாட்டார்கள். மாமனார் எழுந்தார்.

“எலிக்கு வெசத்தக் குடுக்கும்போதே சாறயும் கூடவே குடுத்தீங்க. சரி. எங்கள மாதிரி நாப்பது வருசம் வெசத்துல கைய வச்சிட்டு, அப்பால குடிச்சா கேக்குமா?”

தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். வீட்டில் இத்தனை நாள் இருந்தும் இதை மாமனார் என்னிடம் நேராகக் கேட்டதில்லை.

“தெரியாதுங்க” என்றேன். “நான் செஞ்ச சோதனை அதுக்குப் பதில் சொல்லாது. கெட்டுப்போன பிறகு குடுத்து நான் பாக்கல. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், கெட்டது திரும்பி வர்றது கஷ்டம்.”

அவர் தலையாட்டினார். பக்கத்தில் நண்பரும் தலையாட்டினார். தேர்வாளர் பேனாவை எடுத்து, “குட் கொஸ்டின். இத தீசிஸ்ல கடைசி சாப்டர்ல சேத்துடுங்க” என்றார். சேர்த்தேன். அச்சான பிரதியில் அந்தப் பத்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மாமனாருக்கு மனப்பாடம்.

பட்டம் வந்த பிறகுதான் தொந்தரவு அதிகமானது. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ சேர்ந்துவிட்டதல்லவா! போன வாரம் ஐயம்பேட்டையிலிருந்து ஒருவர் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, இடுப்பு வலிக்கிறது, கிட்னி போய்விட்டது, மூக்கிரட்டை மருந்து வேண்டும் என்று வாசலில் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“நீ எலியா?” என்று கேட்டார்.

வந்தவர் திகைத்து, “இல்லீங்க” என்றார்.

“அப்ப இங்க மருந்து இல்ல. வா, ரத்தம் குடுத்துட்டு வரலாம்.”

வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனார். ரத்தம் எடுக்கும் இடத்தில் மாமனாரை இப்போது எல்லாருக்கும் தெரியும். மாதத்தில் இரண்டு மூன்று பேரையாவது கூட்டிக்கொண்டு போகிறார். மதியம் திரும்பி வந்து, சாப்பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டே சொன்னார்.

“அந்தாளுக்கு எல்லாம் நார்மலா இருக்குதுமா. நூல் மூட்ட தூக்கினதுல இடுப்பு புடிச்சிக்கினு இருக்குது, அவ்ளோதான். அதக் கேட்டதும் அந்தாளு அழுதுட்டான். இன்னும் கொஞ்சம் சோறு போடு.”